வளையலில் வரைந்த சக்கரம்

ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஏதாவது ஒரு பால்வாடிக்குள் எட்டிப் பாருங்கள். டீச்சர் தன் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி, வெள்ளைத் தாளின் நடுவில் வைத்து, நீல பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக் கொண்டிருப்பார். அதுதான் அசோகச் சக்கரம். பெரிய கொடி என்றால் டீச்சர் வளையல். சின்னக் கொடி என்றால் அங்கேயே உட்கார்ந்திருக்கிற ஒரு பாப்பாவின் வளையல். உள்ளே 24 ஆரங்கள் போட வேண்டும். எட்டு போடுவதற்குள் டீச்சருக்குக் கை ஓய்ந்துவிடும். அதற்குள் ஒரு வாண்டு மேலே பச்சை, கீழே காவி என்று கிரையானால் தேய்த்து முடித்திருக்கும். ''டேய் கண்ணு, தலைகீழா பண்ணிட்டியேடா!''

அப்புறம் மாறுவேடப் போட்டி. நேருவுக்கு ஒரு ரோஜா. காந்திக்கு ஒரு குச்சி, கண்ணாடி. பாரதிக்கு முண்டாசும், கண் மையில் இழுத்த மீசையும். கட்டபொம்மனாக மேடையேறுகிற பிள்ளை பாதி வசனத்தில் அம்மாவைத் தேடி அழும். 15-ஆம் தேதி காலை, சட்டையில் குண்டூசியால் குத்திய காகிதக் கொடி, கையில் ஆரஞ்சு மிட்டாய். கொடிக் கம்பத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊரில் பிள்ளைகள் வெறுங்காலோடு நின்று சல்யூட் அடிப்பதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

சரி, நாலு வயசுக் குழந்தைக்கு 'நாடு' என்றால் என்ன புரியும்? புரிய வைக்க வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? விசாரித்துக் கொண்டு போனால், விஷயம் ஜெர்மனியில் ஆரம்பித்து, அடையாறு வழியாக, ஆம்பூர் பைபாஸுக்கு வந்து நிற்கிறது.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாம் சொல்கிறோமே, அதில் வரும் 'கே.ஜி.' இரண்டும் சேர்ந்தால் கிண்டர்கார்டன். குழந்தைகளின் தோட்டம். 1840-ல் அந்தப் பெயரை வைத்தவர் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல். மரக்கட்டை, பந்து, பாட்டு, செடி வளர்ப்பது என்று விளையாட்டிலேயே பாடம் சொன்ன மனிதர். ரொம்ப சாது என்று நினைத்துவிடாதீர்கள். 1813-ல் நெப்போலியனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர். அப்போது 'ஜெர்மனி' என்று ஒரு நாடே கிடையாது. சின்னதும் பெரியதுமாக ஏகப்பட்ட சமஸ்தானங்கள். இருந்தும், நாளைக்குப் பிள்ளைகள் முன்னால் போய் நிற்க வேண்டுமே, அந்தப் பிள்ளைகளின் மண்ணுக்காகப் போராடாமல் எந்த முகத்தோடு நிற்பது என்பது அவர் கேள்வி. அவர் சேர்ந்த லுட்சோ படையின் சீருடை கறுப்பு. ஓரங்களில் சிவப்பு. பொத்தான் தங்க நிறம். ஜெர்மனியின் இன்றைய கொடிக்கு அந்த மூன்று நிறங்களும் அங்கிருந்துதான் வந்தன என்று சொல்வார்கள்.

இப்படிப்பட்ட தேசபக்தர் நடத்தும் பள்ளியை அரசாங்கம் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டும் இல்லையா? ம்ஹூம். 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டனுக்குத் தடை போட்டது. நாத்திகம் பரப்புகிறார்களாம், சோஷலிசம் சொல்லித் தருகிறார்களாம்! மூன்று வயசுப் பிள்ளைக்கு மரக்கட்டை அடுக்கச் சொல்லிக் கொடுப்பதில் எங்கிருந்து வந்தது சோஷலிசம்? அரசியல் எழுதிக் கொண்டிருந்த அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெலையும் இவரையும் குழப்பிக் கொண்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அடுத்த வருஷமே ஃப்ரோபெல் இறந்து போனார். தடை விலகியது 1860-ல்தான்.

சின்னப் பிள்ளைகளின் வகுப்பறையைக் கண்டு ஓர் அரசு பயந்த ஒரு தடவை அது. கடைசி தடவை இல்லை.

மரியா மாண்டிசோரி கதைக்கு வருவோம். தெருவுக்குத் தெரு அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. போர்டு எழுதியவர்களுக்கு அவர் யாரென்று தெரியுமா என்பது வேறு விஷயம். இத்தாலியில் டாக்டருக்குப் படித்த ஆரம்ப காலப் பெண்களில் ஒருவர். 1907-ல் ரோமில், ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக அவர் திறந்த இல்லம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். காலையில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் படிக்கட்டில் சுற்றிக் கொண்டிருக்கும். அச்சு அசல் ஆம்பூர் நிலைமை!

1924-ல் முசோலினி அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். பணம், ஆதரவு எல்லாம் கொடுத்தார். நாலு வயசுப் பிள்ளை நாலரை வயசில் எழுதுகிறதாமே, பேஷ், பேஷ்! இன்னொரு பக்கம் முசோலினி ஆட்சி, பிள்ளைகளுக்குக் கறுப்புச் சட்டை மாட்டி அணிவகுக்க வைத்தது. ஆறு வயசுப் பிள்ளைகளுக்குக்கூட ஓர் அணி இருந்தது. அதற்குப் பெயர், 'பெண் ஓநாயின் பிள்ளைகள்'. ரோம் நகரத்தின் பழைய ஓநாய்க் கதையிலிருந்து எடுத்த பெயர். ஒரே குழந்தை காலையில் 'நீயே யோசி' என்று சொல்லும் வகுப்பிலும், மாலையில் 'யோசிக்காமல் நட' என்று சொல்லும் வரிசையிலும் இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? 1934-ல் முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் அதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டார். மாண்டிசோரி ஸ்பெயினுக்குப் போனார். 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர். ஹாலந்துக்குப் போனார்.

அங்கிருந்துதான் 1939-ல், 69 வயதில், மெட்ராஸ் அடையாறுக்கு வந்து இறங்கினார். அழைத்தவர்கள் தியாசபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும். கூடவே மகன் மரியோ. இந்தியா முழுவதிலும் இருந்து சுமார் 300 ஆசிரியர்கள் அந்தப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம்.

1940 ஜூன் 10. இத்தாலி, ஹிட்லர் பக்கம் சேர்ந்து போரில் குதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எல்லோரும் ஒரே ராத்திரியில் எதிரிகள் ஆனார்கள். மரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. எந்த அரசாங்கம் அவர் பள்ளிகளை மூடியதோ, அந்த அரசாங்கத்தின் பாஸ்போர்ட் வைத்திருந்த குற்றத்துக்காகக் காவல்! தேசிய அடையாளம் என்பது சில நேரம் இப்படித்தான். நாம் அதை விட்டுவிட்டாலும் அது நம்மை விடாது.

அந்த ஆகஸ்ட் 31-ல் அவருக்கு 70 வயது நிறைந்தது. வைஸ்ராயிடமிருந்து தந்தி. உங்களுக்கு என்ன பரிசு தரலாம் என்று யோசித்தோம், உங்கள் மகனையே திருப்பி அனுப்புகிறோம் என்று. மரியோ, மாண்டிசோரி திருமணம் ஆகாமல் பெற்ற பிள்ளை. அதுவரை உறவுக்காரப் பையன், வளர்ப்புப் பிள்ளை என்றுதான் ஊருக்குச் சொல்லி வந்தார்கள். 'மகன்' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது, எதிரி நாட்டவராக அவரைச் சிறை வைத்த அரசாங்கம்!

அதற்கப்புறம் கொடைக்கானலில் சில வருஷம், அகமதாபாத்தில் வகுப்பு, இலங்கைப் பயணம். 1946-ல் ஐரோப்பா திரும்பி, மறுபடி வந்து, 1949 வரை இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்குமாக இருந்தார். அந்த 1949-ல் அடையாறில் அச்சான அவருடைய புத்தகத்தின் சாரம் நமக்கு முக்கியம். ஆறு வயதுக்குள் குழந்தை எதையும் 'கற்றுக்கொள்வது' இல்லை. ஸ்பாஞ்ச் தண்ணீரை இழுப்பது மாதிரி உறிஞ்சிக் கொள்கிறது. தாய்மொழியை யாரும் பாடம் நடத்தி ஏற்றுவதில்லை அல்லவா? அதே மாதிரிதான் ஊரின் பழக்கம், பயம், பிடிப்பு, வெறுப்பு எல்லாம் உள்ளே போகின்றன. அப்படியானால் கொடி ஏற்றும் அந்த ஒரு நாள் சின்ன விஷயம். மற்ற 364 நாள் வாசலில் பெரியவர்கள் என்ன பேசிக் கொண்டிருந்தார்கள் என்பதுதான் பாடம்.

(இத்தாலி அப்புறம் பிராயச்சித்தம் செய்தது. 1990-ல் ஆயிரம் லிரா நோட்டில் மாண்டிசோரி படத்தைப் போட்டார்கள். யூரோ வரும் வரை அந்த நோட்டு புழக்கத்தில் இருந்தது. பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இப்படி நோட்டுச் சமாசாரம்தான் முதலில் கண்ணில் படுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆம்பூர்ப் பக்கத்து ஷூவும் தோல் பொருளும் அதிகம் வாங்கும் நாடுகளில் இரண்டு, ஃப்ரோபெலின் ஜெர்மனியும் மாண்டிசோரியின் இத்தாலியும்.)

நம்மவர்கள் சும்மா இருந்தார்களா? குஜராத்தில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு கிஜுபாய் பதேகா 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். அவருடைய 'பகல் கனவு' தமிழிலும் வந்திருக்கிறது. வாத்தியார் வேலையில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது படிக்க வேண்டிய புத்தகம். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக், 1945-ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார். துணைக்கு அனுதாயி வாக். பழங்குடி, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. சரி, பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்றார்கள். 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி பிறந்தது இப்படித்தான். வார்த்தை இந்தி மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள்கூட, அர்த்தம் தெரிந்தால் சமாதானம் ஆகிவிடுவார்கள். திண்ணைப் பள்ளி நடத்திய ஊர்தானே நம்முடையது?

1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கி, அங்கன்வாடியை நாடு முழுக்கக் கொண்டு போனது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயசுப் பிள்ளையையும் பந்தியில் உட்கார வைத்தது. ஒரு விஷயம் கவனியுங்கள். பல லட்சம் தமிழ்க் குழந்தைகள் 'அரசாங்கம்' என்ற ஒன்றை முதன்முதலில் சந்தித்தது கொடியில் இல்லை. தட்டில்!

பிள்ளைகளை தேசத்துக்காக வரிசையில் நிறுத்தும் ஆசை நம் ஆட்களுக்கும் இருந்தது. 1930-ல் உப்புச் சத்தியாகிரகம் சூடாக இருந்தபோது, சிறுவர் சிறுமியரைச் சேர்த்து 'வானர சேனை' அமைத்தார்கள். அலகாபாத்தில் அதற்குத் தலைவி 12 வயது இந்திரா. தகவல் கொண்டு போவது, கொடி தைப்பது, போஸ்டர் ஒட்டுவது அவர்கள் வேலை. முசோலினியின் ஓநாய்க் குட்டிகளையும் இந்த வானரங்களையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆட்சியில் இருப்பவன் பிள்ளைக்கு யூனிஃபார்ம் மாட்டுவதும், அடிமைப்பட்டவன் வீட்டுப் பிள்ளை அப்பா பின்னால் ஓடுவதும் ஒன்றல்ல.

பாடப் புத்தகத்தின் முன்பக்கத்தில் இருக்கும் உறுதிமொழியை எடுத்துக் கொள்ளுங்கள். இந்தியா என் நாடு என்று ஆரம்பித்து எல்லோரையும் உடன்பிறந்தவர் ஆக்குமே, அது. அதை எழுதியவர் யார்? நேரு இல்லை. ராதாகிருஷ்ணன் இல்லை. பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்ற தெலுங்கு எழுத்தாளர். விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரி! 1962-ல், சீனப் போர் நடந்த வருஷத்தில், தெலுங்கில் எழுதினார். அடுத்த வருஷம் ஆந்திரப் பள்ளிகளில் நுழைந்தது. 1965 குடியரசு தினத்திலிருந்து நாடு முழுக்கப் பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தார்கள். எழுதியவர் பெயர் பெரும்பாலான புத்தகங்களில் இல்லாமலே போய்விட்டது. பில் பாஸ் பண்ணிக் கொண்டிருந்த ஒரு டிரெஷரி ஆபீஸர் இதை எழுதினார் என்பதில், கணக்குப் படித்த எங்கள் ஜாதிக்குக் கொஞ்சம் காலர் தூக்கல் உண்டு.

கடல் தாண்டி இன்னொரு உறுதிமொழி. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பள்ளியில் தினமும் சொல்வது. 1966-ல் அதை எழுதிக் கொடுத்தவர் அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த தமிழர். 1964-ல் சிங்கப்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் நடந்த கலவரத்தின் ரத்தம் காயவில்லை. 1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்து தனியாக நின்றாகிவிட்டது. இனம், மொழி, மதம் எதுவாக இருந்தாலும் நாம் ஒன்று என்ற அர்த்தம் வரும்படி எழுதினார். 1997-லிருந்து ஜூலை 21-ஐ இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். பாலர் பள்ளியில் சீனப் பிள்ளை பாவாடை சட்டையோடு வரும், தமிழ்ப் பிள்ளை மலாய் உடையில் வரும். சும்மா ஃபேன்ஸி டிரஸ்தானே என்று கேட்கலாம். 1964 ஜூலை 21-ல்தான் அந்தக் கலவரம் வெடித்தது என்று தெரிந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

டிரஸ் என்றதும் வேலூர் ஞாபகம் வருகிறது. இந்தப் பக்கத்து எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு முதல் சுற்றுலா பெரும்பாலும் வேலூர் கோட்டைதான். அகழியில் முதலை இருந்தது என்று டீச்சர் சொல்வார். பிள்ளைகள் அதற்கப்புறம் வேறு எதையும் காதில் வாங்காது. ஆனால் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய கதை அந்தக் கோட்டையில் இருக்கிறது. ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றையும் உள்ளே வைத்திருக்கும் கோட்டை அது.

1805 நவம்பரில் மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் ஓர் உத்தரவு போட்டார். சிப்பாய்கள் நெற்றியில் மதக் குறி வைக்கக் கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். தொப்பி மாதிரி இருந்த அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு குஞ்சம். என்ன தோல்? மாடா, பன்றியா? கேள்வி பரவியது. தோலையே தொழிலாகக் கொண்ட இந்தப் பிரதேசத்தில், ஆங்கில ஆட்சிக்கு எதிரான முதல் பெரிய சிப்பாய்க் கலகம் ஒரு தோல் துண்டில் பற்றிக் கொண்டதை என்னவென்று சொல்ல! எதிர்த்த சிப்பாய்களில் ஒரு இந்துவையும் ஒரு முஸ்லிமையும் கசையால் அடித்து வேலையை விட்டு விரட்டினார்கள். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டை வெடித்தது. திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள்.

அந்தக் கோட்டையில் காவலில் இருந்தார்கள் திப்புவின் பிள்ளைகள். அவர்களில் இருவர், 1792-ல் பத்துப் பதினோரு வயதைத் தாண்டாத சிறுவர்களாக இருந்தபோதே, அப்பா கடனுக்குப் பிணையாக கார்ன்வாலிஸிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள். அடமானம்! நாடு என்ற பாரத்தை அத்தனை சின்னத் தோளில் ஏற்றியதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இந்தப் பக்கத்தில் கிடையாது. 1806-க்குப் பிறகு அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள்.

தலைப்பாகைக் கதை இங்கே முடியவில்லை. செப்டம்பர் 5-ல் பிள்ளைகள் தலையில் வெள்ளைத் தலைப்பாகை ஏறும். ராதாகிருஷ்ணன் வேஷம். அவர் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்தவர் என்பது ஊர்க்காரர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

இனி ஆம்பூர். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் மூன்று மொழி பேசும். தண்ணி, பானி, நீள்ளு. மூன்றும் ஒரே டம்ளர்தான். டேனரி முதலாளி வீட்டுப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடும். பால்வாடிக்கு வருவது டேனரியில் தோல் சுமப்பவர், ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பெண், பீடி சுற்றும் பாட்டி, இவர்கள் வீட்டுப் பிள்ளைகள். 1948 தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் ஐம்பதை முப்பது ஆக்கினார்கள். இடம், காற்று, வெளிச்சம், பயிற்சி பெற்ற பெண் எல்லாம் அந்தப் பிரிவில் இருந்தன. அந்தப் பெண் பிள்ளைகளிடம் என்ன பேச வேண்டும் என்று மட்டும் எந்தச் சட்டத்திலும் இல்லை. இருக்கவும் முடியாது.

பைபாஸுக்குப் பக்கத்தில் ஓர் அங்கன்வாடி டீச்சர். 20 வருஷத்துக்கு மேல் சர்வீஸ். பெயர் வேண்டாம் என்றார். ''இதுங்களுக்கு இந்தியான்னா மிட்டாய் குடுக்கிற நாள் சார். அவ்ளோதான்'' என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒரு சம்பவம் சொன்னார்.

ஒரு சுதந்திர தினத்தில் மிட்டாய் கொடுக்க ஒரு பெரிய மனுஷர் வந்திருக்கிறார். வரிசையில் நின்ற பிள்ளைகளில், குல்லா போட்டிருந்த ஒரு பையனை மட்டும் நிறுத்தி, கன்னத்தைத் தட்டி, ''தம்பி, உன் நாடு எது, சொல்லு பாக்கலாம்'' என்று கேட்டார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. சிரித்துக் கொண்டேதான் கேட்டார். பையன் முழித்தான். கூட்டம் முழுக்க அவன் வாயையே பார்த்தது.

''எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது சார். ஆனா அவர்கிட்ட என்னன்னு சொல்றது? 'ஐயா, எல்லாப் பிள்ளைங்களையும் கேளுங்க, எல்லாருக்கும் சொல்லணும்னு ஆசையா இருக்கு'ன்னேன்.''

அவர் கேட்டார். ஒவ்வொருவராக. உன் நாடு எது? 'ஆம்பூர்.' 'எங்க பாட்டி வீடு.' 'பைபாஸ்.' 'ரெண்டு மிட்டாய்.' ஒரு பாப்பா, 'அம்மா ஷூ கம்பெனி' என்றாள். 'இந்தியா' என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. குல்லாப் பையன் சொன்ன பதில், 'அங்கன்வாடி'. பெரிய மனுஷரும் சிரித்துவிட்டார். மிட்டாய் விநியோகம் சுமுகமாக முடிந்தது.

இந்தப் பதில்கள் எதிலும் தப்பு இல்லை. 1951-ல் ஸ்விட்சர்லாந்தில் பியாஜே என்ற உளவியல் மேதை, ஆன் மரி வெய்ல் என்பவரோடு சேர்ந்து ஜெனிவா பிள்ளைகளிடம் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தார். நீ ஜெனிவாக்காரனா? ஆமாம். நீ ஸ்விஸ்காரனா? இல்லையே, நான்தான் ஜெனிவாக்காரன் ஆயிற்றே, அதெப்படி ஒரே ஆள் ரெண்டாக இருக்க முடியும்! ஏழெட்டு வயது வரை பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஓடுகிறது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் என்பதே அந்த வயதில் பிடிபடுவதில்லை. கிளாஸ்கோவில் குஸ்தாவ் ஜஹோடா செய்த ஆராய்ச்சியும் ஏறத்தாழ அதே திசையில்தான் போனது.

ஜெனிவாவில் அது வேடிக்கை. ஆம்பூரில் அப்படி இல்லை. ஒரு பிள்ளையின் தடுமாற்றத்தை 'பாவம், குழந்தை' என்றும், பக்கத்துப் பிள்ளையின் அதே தடுமாற்றத்தை 'ஓஹோ, அப்படியா' என்றும் எடுத்துக் கொள்ளும் பெரியவர்கள் நடுவில் அது வளர வேண்டும். கிரிக்கெட் மேட்ச் நாட்களில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக வரும், மிட்டாய் இல்லாமல். நம்மில் பலர் மனசுக்குள் ஒரு பேரேடு வைத்திருக்கிறோம். ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொன்றில் பற்று எழுதியே தீர வேண்டும் என்று. உருது பேசினால் தமிழில் குறையும், தமிழ் பேசினால் இந்தியாவில் குறையும். அது இரட்டைப் பதிவுக் கணக்கே இல்லை, ஐயா. நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியாதது நியாயம். நமக்கு?

அரசாங்கமும் இந்த முடிச்சில் மாட்டிக் கொண்டது உண்டு. 2006-ல் தமிழ் கற்கும் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. உருது வழிப் பள்ளிகள் அதிகம் உள்ள இந்தப் பக்கத்தில் பெரிய தவிப்பு. மொழிச் சிறுபான்மையினர் கோர்ட்டுக்குப் போய் விலக்கு கேட்டார்கள், கிடைத்தது. தமிழ் வேண்டாம் என்று யாரும் அங்கே சொல்லவில்லை. கடையில், பஸ்ஸில், கம்பெனியில் பேசுவது தமிழ்தான். பரீட்சையில் எழுதுமளவுக்குச் சொல்லித்தர ஆள் போட்டீர்களா என்பதுதான் அவர்கள் கேட்டது. நியாயமான கேள்வி.

அந்த டீச்சரிடம் திரும்புவோம். அந்த மிட்டாய்ச் சம்பவத்துக்குப் பிறகு அவர் ஒரு வித்தை கண்டுபிடித்தார். பியாஜே பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பா அடுக்கு ஒன்றைக் கொண்டு வந்தார். ஒன்றுக்குள் ஒன்று போகுமே, அந்த அடுக்கு. கடைசிக் குட்டி டப்பாவில் ஒரு பிள்ளையின் போட்டோ. அதை மூடி, அதைவிடப் பெரிய டப்பாவில் வைக்க வேண்டும். அதன் மேல் தெருப் பெயர் ஒட்டியிருக்கும். அடுத்தது ஆம்பூர். அடுத்தது மாவட்டம். அப்புறம் தமிழ்நாடு. எல்லாவற்றுக்கும் வெளியே பெரிய டப்பா, வளையலில் வரைந்த சக்கரத்தோடு. தினம் ஒரு பிள்ளையின் போட்டோ உள்ளே போகும். ஒவ்வொரு மூடியாகத் திறக்கத் திறக்க, ''இதுலயும் இருக்கான்! இதுலயும் இருக்கான்!'' என்று மற்றவர்கள் கத்துவார்கள்.

''புரியுதா அவங்களுக்கு?'' என்றேன்.

''மூடி தொறக்கப் புடிக்குது சார். இப்போதைக்கு அது போதும். யாரையும் வெளிய விட்டுட்டு மூடக் கூடாதுன்னு மட்டும் சொல்லிடுவேன்.''

ஒரே ஒரு தொந்தரவு மாவட்ட டப்பாவால்தான். அங்கே சாயங்காலம் பேரனை அழைத்துப் போக வரும் பாட்டி பிறந்தபோது மெட்ராஸ் மாகாணம், வட ஆற்காடு ஜில்லா. 1969-ல் மாநிலம் தமிழ்நாடு ஆனது. 1989-ல் ஜில்லாவைப் பிரித்து வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றார்கள். தொண்ணூறுகளில் அது வேலூர் மாவட்டம். 2019-ல் அதையும் மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. பாட்டி வீடு மாறவே இல்லை. அதே திண்ணை, அதே வேப்பமரம், காற்று திசை மாறினால் அதே டேனரி வாசம்.

டப்பாவில் ஒட்டியிருந்த 'வேலூர் மாவட்டம்' காகிதத்தைப் பிய்க்க டீச்சர் எவ்வளவோ முயற்சி செய்திருக்கிறார். வரவில்லை. அதன் மேலேயே 'திருப்பத்தூர் மாவட்டம்' என்று புதுசாக ஒன்றை ஒட்டிவிட்டார். ஓரத்தில் பழைய 'வே' இன்னும் கொஞ்சம் தெரிகிறது.